நாலாவது பிரிட்ஜ்

அந்தக் கடலை மிட்டாயை முன்பல்லுல கடிக்காதீங்க தம்பி. கையில ஒடைச்சுக் கடவாயில போட்டு மெல்லுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்துல உக்காந்த ஆளு ஏறுனதுலிருந்து நம்ம வாயவே பாத்துட்டு வர்றானேன்னு நெனைச்சிருப்பீங்க. எனக்குத் தொழிலே அதுதானுங்க. உங்களுக்கு மேல் வரிசையில எடது பக்கம் ரெண்டாவது பல்லு கட்டுன பல்லு. சரிங்களா? ஈறு ஓரத்துல சாம்பலா ஒரு கோடு தெரியுது. உள்ள உலோகம், மேல பீங்கான். அஞ்சு வருசம் இருக்குமா? ஏழா? அப்ப நல்ல கைதான் செஞ்சிருக்குது. வண்டியிலிருந்து விழுந்தீங்களா? அதானே பாத்தேன்.

டாக்டர் இல்லீங்க. டாக்டருக்குப் பல்லு செஞ்சு குடுக்கறது நம்ம வேலை. பேரு நாச்சிமுத்து. கோயமுத்தூர்ல, காந்திபுரத்துக்குப் பின்னால பல் லேப்பு வெச்சிருக்கறேன். இருவத்தேழு வருசம் ஆச்சு. உங்க வாயில இருக்கறதையும் எவனாச்சும் ஒருத்தன் மேசை முன்னால குனிஞ்சு உக்காந்து, துளித்துளியா பீங்கான் மாவை அப்பி, சூளையில வெச்சு எடுத்து, ராவி, நெறம் குடுத்து செஞ்சிருப்பான். அவனை நீங்க பாத்திருக்கமாட்டீங்க. உங்களையும் அவன் பாத்திருக்கமாட்டான். நாங்க ஆளைப் பாக்கறதில்லீங்க, அச்சைத்தான் பாப்போம். டாக்டர் வாயில அளவு எடுத்து அனுப்புவாங்க. அதுல கல்லுமாவு கரைச்சு ஊத்தி வார்த்தா வெள்ளை வெளேர்னு ஒரு வாய் மேசையில வந்து நிக்கும். ஆம்பளையா பொம்பளையா, நல்லவனா கெட்டவனா, நமக்கு ஒண்ணும் வேண்டியதில்ல. அந்த வாய்க்குப் பல்லு பொருந்தோணும், அவ்வளவுதான்.

நானும் சத்தியமங்கலத்துலதான் ஏறுனேன். ஒரு வேலையா வந்தேனுங்க. வேலைன்னா வேலைதான். ஒரு பல்லு பிரிட்ஜ் போட்டுப் பாக்க வந்தேன். அதை டாக்டர்தான் போடோணும், நான் போடக்கூடாது. தெரியும். ஆனா இது என்ற ஊட்டுக்காரி வாய். அதனால நானே எடுத்துட்டு வந்தேன்.

இல்லீங்க. பொருந்தல.

சொல்றேன். காந்திபுரம் போறதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குது, இப்பத்தான் பவானிசாகர் பிரிவே தாண்டியிருக்கறோம். உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்கமாட்டேன்.

எங்கூட்டுக்காரி பேரு சாந்தாமணி. ஒம்பது வருசத்துக்கு முன்னால தொவைக்கற கல்லுகிட்ட சோப்புத் தண்ணியில வழுக்கி விழுந்து, மேல நடுப்பல்லு ரெண்டும் போயிருச்சு. ஒரு வாரம் முந்தானையை வாயில வெச்சுட்டே அழுதா. நான் சத்தம் போட்டேன். பல்லு செய்யறவன் பொண்டாட்டி, நீ எதுக்கு அழுவறேன்னு. நாலு பல்லு சேத்தி ஒரு பிரிட்ஜ் செஞ்சேன். போன எடத்துக்கு ரெண்டு. அக்கட்டால ஒரு பல்லு, இக்கட்டால ஒரு பல்லு, ரெண்டையும் சின்ன முளை மாதிரி ராவிட்டு, அது மேல தொப்பி மாட்டுன மாதிரி ரெண்டு. நாலும் ஒண்ணா ஒரே துண்டு. அவளுக்கு எடது பல்லு லேசாத் திரும்பி இருக்கும். எங்க கல்யாண போட்டோவை மேசையில வெச்சுட்டு அந்தத் திருப்பத்தைக்கூட விடாம செஞ்சேன். டாக்டர் பர்வீன் மாட்டி விட்டுட்டு, "நாச்சிமுத்து, நீங்க செஞ்சதுலயே இதுதான் நல்ல வேலை"ன்னாங்க. எட்டு வருசம் இருந்துச்சு தம்பி. ஒரு கீறல் கெடையாது. பொங்கலுக்குக் கரும்பு கடிப்பா அதுல. வேண்டாமுடின்னு சொன்னாலும் எனக்குத் தெரியாம சமையக்கட்டுல நின்னு கடிப்பா. கரும்புக்கே ஒண்ணும் ஆகல.

போன வருசம் சித்திரையில ஒடஞ்சுது. என்ன சாப்பிட்டா ஒடஞ்சுதுன்னு நெனைக்கறீங்க? இட்லிங்க. இட்லி! வாயிலிருந்து என்னமோ எடுத்து உள்ளங்கையில வெச்சுக் காட்டறா, பீங்கான் சில்லு. வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்தா, முன்னாடி கறுப்பா உலோகம் தெரியுது. அந்தச் சில்லை வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஏன்னா அது என்ற வேலை.

பீங்கானும் உலோகமும் எப்படி ஒட்டிட்டு இருக்குது? பசைன்னு நெனைப்பீங்க. பசை கெடையாதுங்க. உலோகத்தை முதல்ல வெறுமனே சூளையில சுடோணும். அப்ப அதுமேல துரு மாதிரி மெல்லிசா ஒரு படலம் வரும். அந்தப் படலத்தைத்தான் பீங்கான் புடிச்சுக்கும். படலம் கம்மியா இருந்தா புடிக்காது. ஜாஸ்தியாப் போனாலும் உரிஞ்சு வந்துரும். அப்பறம் சூட்டுல ரெண்டும் விரியும், ஆறறப்ப ரெண்டும் சுருங்கும். ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவுல சுருங்கோணும். ஒண்ணு அது பாட்டுக்கு ஒரு பக்கம் போயி இன்னொண்ணு ஒரு பக்கம் போனா, வெளிய பாக்கறப்ப ஒண்ணும் தெரியாது, பளபளன்னு இருக்கும். உள்ள இழுத்துட்டே இருக்கும். ஒரு நாளைக்கு இட்லி கடிச்சாப் போதும்.

அதனால நான் என்னையத்தான் திட்டிக்கிட்டேன். படலம் சரியா வரல போல இருக்குது, அன்னைக்கு அவசரப்பட்டுட்டம் போல இருக்குதுன்னு. எட்டு வருசம் நின்னது ஒம்பதாவது வருசம் ஏன் விடுதுன்னு யோசிச்சிருக்கோணும். யோசிக்கல.

அதுக்கு முந்தின மாசந்தான் எங்க பொண்ணு ஊட்டை விட்டுப் போனது. அது வேற விசயமுங்க. நான் சொல்றது வேலை விசயம்.

எங்க போனாளா? சத்திக்குத்தான். இங்க ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கற பையன். காலேஜுல பழக்கம். ரிஜிஸ்தர் ஆபீசுல கல்யாணம் பண்ணிட்டு வந்து வாசல்ல நின்னாங்க. வேற ஆளுக. நான் ஒண்ணும் சாதி பாக்கறவன் இல்லீங்க தம்பி, அதைத் தெளிவாச் சொல்லிப்போடறேன். எல்லாச் சாதி வாயும் என்ற மேசையில வந்து நிக்குது. அச்சுல எல்லாம் ஒரே வெள்ளைதான். எல்லாத்துக்கும் ஒரே பீங்கான்தான், ஒரே சூளைதான். எவனாச்சும் என்னைய ஒரு சொல்லு சொல்ல முடியுமா? ஆனா ஊடுன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா. எங்க பெரியப்பன் மகன், பங்காளிக, எல்லாரும் பாத்துட்டு இருக்கறாங்க. நான் என்ன பண்ணுவேன்? கதவைச் சாத்திட்டேன். சாத்திட்டு சாந்தாமணிகிட்டச் சொன்னேன், "இனி இந்த ஊட்டுல அவ பேரு வரக்கூடாது. நீ அவகிட்ட ஒரு வார்த்தை பேசுனேன்னா, எங்கிட்டப் பேச வேண்டியதில்ல."

அவ சரின்னுட்டா. ஒரு எதிர்ப்பேச்சு இல்ல. அவ எப்பவுமே அப்படித்தானுங்க, அதிகம் பேசமாட்டா. தங்கமான பொம்பளை. ஊருல பொண்ணு ஓடிப்போன ஊடுகள்ல என்னென்ன கூத்து நடக்குது, எங்கூட்டுல ஒரு சத்தம் கெடையாது. போன் அடிச்சா எடுத்துப் பாப்பா. யாருன்னு தெரிஞ்சதும் கீழ வெச்சுருவா. நானே பாத்திருக்கறேன். போன் அடிச்சு ஓயற வரைக்கும் அதையே பாத்துட்டு நிப்பா. காதுக்குக் கீழ தாடைத் தசை உருண்டு உருண்டு வரும். வாயில ஒண்ணும் இருக்காது. ஒண்ணுமில்லாமயே மென்னுட்டு இருப்பா.

அதை நான் கவனிச்சேன். கவனிக்காம இல்ல. தொழில்காரனுக்குத் தெரியுமில்ல. "பல்லைக் கடிக்காத, பிரிட்ஜ் போயிரும்"னு சொன்னேன்.

ரெண்டாவது பிரிட்ஜ் வெகு கவனமா செஞ்சேனுங்க. பழைய அச்சு அலமாரியில பத்திரமா இருந்துச்சு. அடியில பென்சில்ல அவ பேரு எழுதி வெச்சிருந்தேன். புதுசா அளவு எடுக்கற வேலையே இல்ல. அதுல வெச்சே செஞ்சேன், நறுக்குன்னு உக்காந்துச்சு. ஆவணியில ஒடஞ்சுது. நாலு மாசம்! இந்தத் தடவை ரெண்டு பல்லு முனையும் சீவுன மாதிரி போயிருந்துச்சு. பூதக்கண்ணாடியில வெச்சுப் பாத்தேன். தேய்ஞ்ச தடம் இருக்குது. முன்னும் பின்னும், முன்னும் பின்னும், கீழ்ப்பல்லை வெச்சு இழுத்திருக்கறா. சோறு மெல்லறப்ப அந்தத் தடம் விழுகாதுங்க. மெல்லறது ஒரு நாளைக்குக் கூட்டிக் கழிச்சா அரை மணி நேரம்கூட பல்லு மேல பல்லு படாது. இது மணிக்கணக்கா அழுத்தியிருக்குது. ஞாயித்துக்கெழமை மத்தியானம் சித்த கண்ணசருவா. அப்ப நறநறன்னு சத்தம் கேக்கும். ரேசன் அரிசியில கல்லு சிக்குன மாதிரி. தட்டி எழுப்புவேன். "நான் ஒண்ணும் பண்ணலீங்களே"ம்பா. நெசமாலுமே அவளுக்குத் தெரியாது.

பல்லு பொய் சொல்லாது தம்பி. ஒரு வாயோட அச்சைக் குடுத்தா அந்த ஆளு எந்தக் கையில பல்லு வெளக்கறான், நகம் கடிக்கறானா, ஊசிநூலைப் பல்லுல கடிச்சு அறுக்கறானா, எல்லாம் சொல்லுவேன். டாக்டருகளே எங்கிட்டக் கேப்பாங்க. அவ்வளவு தெரியும் எனக்கு.

சரி, பீங்கான் தாங்கல, இன்னும் கெட்டியாப் போடலாம்னு முடிவு பண்ணேன். சிர்கோனியான்னு ஒண்ணு இருக்குது. வெள்ளைக் கல்லு மாதிரி. அதுல ஒட்டறது உரியறது பேச்சே இல்ல, முழுசும் ஒரே கட்டி. சுத்தியல்ல அடிச்சாலும் லேசுல ஒடையாது. மூணாவது பிரிட்ஜ் அதுல செஞ்சேன். அதே அச்சுதான். போட்டப்பறம் அவகிட்டச் சொன்னேன், "இனி நீ என்ன கடி கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

ஒண்ணும் ஆகலீங்க. பிரிட்ஜுக்கு ஒண்ணும் ஆகல. கார்த்திகை மாசம் அவளோட கீழ்ப்பல்லு ஒடஞ்சுது.

அவ சொந்தப் பல்லு தம்பி. ஆண்டவன் குடுத்தது. மேல கல்லு மாதிரி ஒண்ணை வெச்சாச்சு, அவ கடிக்கற கடி எங்கியாச்சும் போகோணுமில்ல? பாரம் எங்கியும் காணாமப் போகாதுங்க. ஒரு எடத்துல தாங்குனா இன்னொரு எடத்துல எறங்கும். இதை நான் லேப்புல புதுசா வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறவன். என்ற ஊட்டுல நானே அதைச் செஞ்சு வெச்சிருக்கறேன்.

அவளக் கூட்டிட்டு டாக்டர் பர்வீன்கிட்டப் போனேன். இம்பிளாண்ட் போட்டரலாமுங்களான்னு கேட்டேன். எலும்புல டைட்டானியம் திருகை எறக்கி அது மேல பல்லு மாட்டறது. டாக்டர் முடியவே முடியாதுன்னுட்டாங்க. சொந்தப் பல்லுக்கு வேருக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு மெத்தை இருக்குது, கடிச்சா துளி அமுங்கிக் குடுக்கும். திருகுக்கு அந்த மெத்தை கெடையாது. இந்தக் கடி கடிச்சா நேரா எலும்புக்குப் போகும், எலும்பு கரைஞ்சு திருகு ஆடிப்போகும்னாங்க. எனக்கும் தெரியும் அது. தெரிஞ்சுட்டேதான் கேட்டேன்.

அப்ப சாந்தாமணி நாற்காலியில சாஞ்சிருக்கறா. வாய்க்குள்ள ரெண்டு பக்கமும் பஞ்சு. வாயைத் தொறந்தபடி இருக்கறா, எச்சில் உறிஞ்சற குழாய் ஒண்ணு தொங்குது. டாக்டர் கையொறையைக் கழட்டிட்டு அவளைப் பாத்துக் கேட்டாங்க. "ஏம்மா இப்படிக் கடிக்கறீங்க? ஊட்டுல மனசுக்கு ஏதாச்சும் கஷ்டமா?"

அவ எப்படிப் பதில் சொல்லுவா, வாய் பூரா பஞ்சு. அதனால நான் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர், நாங்க நல்லாத்தான் இருக்கறோம்."

அவ கண்ணைத் திருப்பி என்னையப் பாத்தா. தலை அசையல, கண்ணு மட்டும். விளக்கு மூஞ்சி மேல அடிக்குது, அதனால கண்ணுல தண்ணி வந்திருக்கும்னு நெனைச்சேன். விளக்கைச் சித்த தள்ளி வெக்கச் சொன்னேன்.

டாக்டர் கடிதடுப்பு ஒண்ணு எழுதிக் குடுத்தாங்க. கண்ணாடி மாதிரி ஒரு தகடு, பல்லு மேல மாட்டிட்டுப் படுக்கறது. அதையும் நாந்தான் செஞ்சேன். இருவதே நாள், நடுவுல ஓட்டை விழுந்துருச்சு. ரெட்டைக் கனத்துல இன்னொண்ணு செஞ்சேன். டாக்டருக்கே அனுப்பிக் காட்டுனேன், "பாருங்க, எப்படி இருக்குது"ன்னு. அவங்க, "வேலை நல்லாத்தான் இருக்குது நாச்சிமுத்து"ன்னு மட்டும் சொல்லி போனை வெச்சுட்டாங்க.

என்னுங்க? நீங்க எதோ சொல்ல வந்தீங்க. இல்லையா? சரி.

மாசி மாசம் எங்க ஒண்ணுவுட்ட தங்கச்சி ஊட்டுக்கு வந்திருந்தா. எனக்குக் காப்பி குடுத்துட்டு சாந்தாமணி சமையக்கட்டுல இருக்கறா. தங்கச்சி சும்மா இருக்காம, "ஏண்ணா, வினோதினிக்கு ஏழு மாசமாமே, வளைகாப்பு யாரு பண்றது?"ன்னு கேட்டுப்போட்டா.

வினோதினிதானுங்க பொண்ணு பேரு. பாருங்க, இந்தப் பேரை நான் வாயால சொல்லி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்ப உங்ககிட்டச் சொல்றேன்.

நான் தங்கச்சியத் திட்டி அனுப்பிட்டேன். உள்ள போனா, சாந்தாமணி தொட்டிகிட்ட நிக்கறா. குழாய் தொறந்து ஓடிட்டு இருக்குது. திரும்புனா. அவ கையில பிரிட்ஜ் இருக்குது. ஒடையலீங்க, நாலு பல்லும் முழுசா அப்படியே கழண்டு வந்திருக்குது. ஒட்டுன சிமெண்ட் உட்டுப்போச்சு. என்ன அழுத்து அழுத்தியிருந்தா அது உடும்னு எனக்குத் தெரியும், உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதைக் கழுவித் தொடைச்சு மேசையில, என்ற காப்பி டம்ளருக்குப் பக்கத்துல வெச்சா. "இது எனக்கு வேண்டாமுங்க. நான் சத்திக்குப் போறேன்"ன்னா. நடுவுல பல்லில்லாம காத்துப் போகுது பேச்சு. ஆனா எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு.

நான் என்ன சொன்னேன்? "ரெண்டு நாள் இரு, திருப்பி ஒட்டித் தர்றேன்"ன்னேன். அவ ஒரு பையில ரெண்டு சேலையை எடுத்து வெச்சுட்டு மத்தியான பஸ்சுக்குப் போயிட்டா. முப்பது வருசத்துல அவ என்னையக் கேக்காம பஸ் ஏறுனது அன்னைக்குத்தான்.

மூணு மாசம் ஆச்சு. நான் போன் பண்ணல. அவளும் பண்ணல. ஊருல கேட்டா பொண்டாட்டி அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருக்கறான்னு சொல்லிட்டு இருந்தேன். அவங்கம்மா செத்து ஆறு வருசம் ஆச்சு, அது எல்லாருக்கும் தெரியும். சித்திரையில பொம்பளைப் புள்ளை பொறந்துச்சுன்னு தங்கச்சிதான் சொன்னா.

எனக்கு ஒரே நெனைப்பு என்னன்னா தம்பி, அந்த ரெண்டு முளைப்பல்லு. ராவுன பல்லு அது. மேல தொப்பி இல்லாம வெறுமனே நின்னா தண்ணி பட்டாக் கூசும், காத்து பட்டாக் கூசும். அவ எப்படித் தண்ணி குடிக்கறாளோ. சோறு சூடா இருந்தா எப்படித் திங்கறாளோ. லேப்புல உக்காந்தா அதே நெனைப்பு. சோத்துல கைய வெச்சா அதே நெனைப்பு. ஊட்டுல ஒரு ஆளு இல்லாததுக்கு ஆயிரம் இருக்குது, எனக்கு இது ஒண்ணுதான் திரும்பத் திரும்ப வரும். கூசுமேன்னு.

நாலாவது பிரிட்ஜ் செய்ய ஆரம்பிச்சேன். பகல்ல லேப்புல மத்த வேலையெல்லாம் தள்ளி வெச்சுட்டு செஞ்சேன். சிர்கோனியா வேண்டாம், பழையபடி பீங்கான். கீழ்ப்பல்லுக்கு நோகாம, முனையெல்லாம் மெதுவா வெச்சு, அந்த எடதுபல்லுத் திருப்பத்தோட. அம்பது வயசுப் பல்லு எப்படி இருக்குமோ அப்படி துளி மஞ்சள் குடுத்து. என்ற கையில இப்படி ஒரு வேலை இனி வராது. அச்சுல மாட்டிப் பாத்தா ஒரு மயிரிழை போகாது நடுவுல.

எந்த அச்சுன்னு கேக்கறீங்களா? அதேதான். ஒம்பது வருசத்துக்கு முந்தி எடுத்த அச்சு.

இதுதானுங்க நான் பண்ணுன தப்பு. இதை எங்க தொழில்ல முதல் வருசம் வேலைக்கு வர்றவன்கூட பண்ணமாட்டான். மேல பிரிட்ஜ் இருக்கற வரைக்கும் பல்லு அசையாம நிக்கும், அப்ப பழைய அச்சுல செஞ்சாலும் உக்காரும். வெறும் வாயா மூணு மாசம் விட்டா? பல்லு உயிரோட இருக்கறது தம்பி. காலி எடம் கண்டா சாயும், எறங்கும், பக்கத்துல போகும். வாய் மாறிப்போகும். அதனாலதான் புதுசா அளவு எடுக்கோணும்கறது. மத்தவன் பழைய அச்சுல செஞ்சா அவனைக் கன்னத்துலயே அறைவேன். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா புதுசா அளவு எடுக்கோணும்னா அவகிட்டப் போயி வாயத் தொறன்னு கேக்கோணுமில்ல. அலமாரியில இருக்கற வாய்கிட்ட ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல.

இன்னைக்குக் காலையில பஸ் ஏறி வந்தேன். தங்கச்சிகிட்ட விலாசம் வாங்கிட்டு. புதூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊடு, முன்னால இரும்பு கேட்டு, ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி. கேட்டுகிட்ட வந்ததும் நின்னுட்டேன். உள்ளிருந்து பேச்சுச் சத்தம் கேக்குது. பேசறது சாந்தாமணி. பேசறா தம்பி, நிறுத்தாமப் பேசறா. புள்ளைக்கு எண்ணெய் தேச்சுட்டு, அதுகிட்ட, இன்னைக்கு என்ன கெழமை, உங்கொப்பன் என்ன காய் வாங்கிட்டு வந்தான், எதுத்தூட்டு நாய் என்ன பண்ணுச்சு, எல்லாம் சொல்றா. சொல்லிட்டு அவளே சிரிக்கறா. முப்பது வருசம் ஒரே ஊட்டுல இருந்திருக்கறேன், அவ இவ்வளவு பேசுவாள்னு எனக்குத் தெரியாதுங்க.

கேட்டுச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தா. வாயி அப்படியே தொறந்திருக்குது, சிரிச்ச வாய். நடுவுல காலி, அந்தப் பக்கம் ஒரு முளை, இந்தப் பக்கம் ஒரு முளை. மூடவே இல்லீங்க. பல்லு போனப்ப எங்கிட்டக்கூட முந்தானையைத் தூக்கி மறைச்சவ. அப்பறம் என்னைய அடையாளம் தெரிஞ்சதும் மெதுவா மூடிக்கிட்டா. அது எனக்கு... என்ன சொல்றது.

"வாங்க"ன்னா. உள்ள கூப்பிட்டா. நான் வெளியவே நாற்காலியில உக்காந்துட்டேன். புள்ளையத் தூக்கிட்டு வினோதினி கதவோரம் வந்து நிக்கறது தெரியுது. நான் நிமிந்து பாக்கல. புள்ளையோட கால் மட்டும் தெரிஞ்சுது, எண்ணெய் மினுக்கற குட்டிக் காலு. அதோட அம்மாவைப் பெத்தவன் நான், அது என்னைய அப்பிச்சின்னு கூப்பிடோணும், இல்லீங்களா? நான் பொட்டியத் தொறந்து பிரிட்ஜ எடுத்தேன்.

சாந்தாமணி எதுக்க நாற்காலியில உக்காந்து வாயத் தொறந்தா. அவ அப்படித்தான், கேட்டா மறுக்கமாட்டா. நான் வெச்சுப் பாத்தேன். வலது பக்கம் போகுது, எடது பக்கம் போகல. ஒரு அரிசி நீளத்துக்குத் தூக்கிட்டு நிக்குது. திருப்பி வெச்சேன். அழுத்துனேன். அவ முகத்தைச் சுளிச்சா. அப்பறமும் அழுத்துனேன் தம்பி. அவ என்ற மணிக்கட்டை மெதுவாப் புடிச்சுக் கீழ எறக்கி விட்டா.

வினோதினி கதவோரத்துலிருந்து சொன்னா. "அப்பா, அம்மா இங்க வந்ததுலிருந்து பல்லே கடிக்கறதில்லீங்கப்பா. தூங்கறப்பக்கூட இல்ல."

நான் அவளைப் பாக்காம, சாந்தாமணிகிட்டச் சொன்னேன். "குளுரு காலம் போயிருச்சில்ல, அதனால இருக்கும். பவானித் தண்ணியும் நல்லது."

புள்ளை என்னமோ மொனகுச்சு. நான் பிரிட்ஜத் தொடைச்சுப் பொட்டிக்குள்ள வெச்சேன். மூடி சரியா மூடல, ரெண்டு தடவை மூடுனேன். அப்பறம் என்ற வாயிலிருந்து எப்படியோ வந்துருச்சு. "ஊட்டுக்கு வா சாந்தாமணி"ன்னு. கெஞ்சறாப்புலதான் சொன்னேன். நான் அப்படி யாருகிட்டயும் சொன்னதில்ல.

அவ எண்ணெய்க் கையை முந்தானையில தொடைச்சுட்டே இருந்தா. அப்பறம் கேட்டா. மெதுவாத்தான் கேட்டா. "நான் வந்தா, அங்கிருந்து இவகிட்டப் பேசலாமுங்களா?"

அவ்வளவுதான் தம்பி கேட்டது. இவளை ஊட்டுக்குக் கூப்பிடுங்கன்னு கேக்கல. மாப்பிள்ளையச் சேத்துக்குங்கன்னு கேக்கல. பங்காளிக முன்னால நில்லுங்கன்னு கேக்கல. போன்ல பேசலாமான்னு கேட்டா. பெத்த பொண்ணுகிட்டப் பேசலாமான்னு அவ எங்கிட்டக் கேக்கறா, நான் உக்காந்திருக்கறேன். கதவோரத்துல வினோதினி நிக்கறது எனக்குத் தெரியுது.

பேசுன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்றதுக்குத்தான் காலையில இருந்து பஸ்சுல வந்தேன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. சத்தியமாச் சொல்றேன், அது தொண்டை வரைக்கும் வந்துச்சு. வாயத் தொறந்தேன். தொறந்து என்ன சொன்னேன் தெரியுங்களா?

"புது அச்சு எடுக்கோணும்"னேன். "ஒரு நாளைக்கு லேப்புக்கு வந்துட்டுப் போ"ன்னேன்.

அவ என்னையவே பாத்தா. கோவமில்லீங்க. கோவப்பட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். "சரிங்க, பாத்துப் போங்க"ன்னா. எந்திரிச்சு, பொண்ணு கையிலிருந்து புள்ளைய வாங்கிட்டு உள்ள போயிட்டா. கதவைச் சாத்தல தம்பி. நான் எந்திரிச்சு, செருப்பைப் போட்டு, வாசல்ல நின்னுட்டு இருந்த நேரமெல்லாம் அது தொறந்தேதான் கெடந்துச்சு. கேட்டை நான்தான் சாத்திட்டு வந்தேன்.